பதிவேட்டில் பெயர் இருக்கிறது, பிள்ளை எங்கே?

2023 மார்ச் 13. பிளஸ் டூ பொதுத்தேர்வின் முதல் நாள், தமிழ்த் தாள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் எனக்கு அறைக் கண்காணிப்பாளர் பணி. 20 பேர் எழுத வேண்டிய என் அறையில் 3 இருக்கைகள் காலி. மேசையில் ஒட்டியிருந்த பதிவெண்களைப் பார்த்து, வரவில்லை என்று குறித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். அப்படிக் குறிப்பது எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. மாலையில் செய்தி வந்தபோதுதான் திக்கென்றது. சுமார் 8.5 லட்சம் பேர் எழுத வேண்டிய தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை.

எங்கே போனார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். எப்போது போனார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தியது. 50 ஆயிரம் பிள்ளைகள் ஒரே காலையில் தொலைந்துபோக முடியாது. கொரோனா காலத்தில், 2021-ல், பத்தாம் வகுப்புத் தேர்வே நடத்தாமல் எல்லோரையும் தேர்ச்சி என்று அறிவித்தார்களே, அந்தப் பிள்ளைகள்தான் இவர்கள். பலர் பிளஸ் ஒன்னில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே நின்றுவிட்டார்கள். ஆனாலும் பெயர் பதிவேட்டில் இருந்தது, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் இருந்தது, தேர்வுக்கான பெயர்ப் பட்டியலில் இருந்தது, ஹால் டிக்கெட்டிலும் அச்சாகி வந்தது. இத்தனை இடத்திலும் கண்காணிப்பு நடந்துகொண்டேதான் இருந்தது.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித முதுகலை ஆசிரியை. அதற்கு முன் 6 ஆண்டுகள் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இருந்தேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நின்றுபோன பிள்ளையின் பெயரை ஏன் எடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். தலைமை ஆசிரியர் ஒருவரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயிப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒரு பணியிடம் உபரி, ஓர் ஆசிரியர் வேறு ஊருக்குப் போக வேண்டும். போகப் போகிறவர் பள்ளியிலேயே நன்றாகப் பாடம் நடத்துகிறவராகவும் இருக்கலாம். பெற்றோர் வந்து டி.சி. கேட்காதபோது பெயரை நீக்கினால் அது இடைநிற்றல் கணக்கில் ஏறும். ஏன் ஏறியது என்று விளக்கம் எழுத வேண்டும், கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டும். பெயரை அப்படியே விட்டுவைத்தால் ஒரு கேள்வியும் வராது. உண்மையைச் சொல்கிற பள்ளிக்குத் தண்டனை, மறைக்கிற பள்ளிக்கு நிம்மதி என்று நாமே ஏற்பாடு செய்து வைத்துவிட்டு, தரவு சரியில்லை என்று வருந்துகிறோம்.

என் வகுப்பில் நடந்ததையே சொல்கிறேன். அதே 2022-23 கல்வியாண்டில் பிளஸ் ஒன் படித்த பையன் ஒருவன், காலாண்டுத் தேர்வு முடிந்ததும் வரவில்லை. நன்றாகக் கணக்குப் போடுவான், கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு விடையை முதலில் சொல்வான். 41 பள்ளி நாட்கள் அவன் பெயருக்கு நேராகச் செயலியில் விடுப்பு என்று அழுத்தினேன். தினமும் காலையில் அது சர்வருக்குப் போனது. 41 நாளில் ஒரு நாள்கூட, இந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று மேலிருந்து ஒருவரும் கேட்கவில்லை. இதே நாட்களில் ஒருநாள் நெட்வொர்க் கிடைக்காமல் வருகைப் பதிவை 11 மணிக்கு ஏற்றினேன். அன்றைக்கு மட்டும் இரண்டு முறை போன் வந்தது, எழுத்துபூர்வமாக விளக்கமும் கொடுத்தேன். பதிவு தாமதமானது தெரிந்த அந்த இயந்திரத்துக்குப் பையன் காணாமல் போனது தெரியவில்லை. தெரிய வேண்டும் என்று யாரும் அதைச் செய்யவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தமிழாசிரியரும் அவன் வீட்டைத் தேடிப் போனோம். அப்பா கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார். பையன் சென்ட்ரிங் வேலைக்குப் போயிருந்தான். அவன் அம்மா எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டார். “கோவிச்சுக்காதீங்க டீச்சர், அவன் கொண்டாற காசுலதான் குழுக் கடன் கட்டறேன். அது முடிஞ்சதும் அனுப்பிடறேன்” என்றார். எத்தனை தவணை பாக்கி என்று கேட்டேன். 14 என்றார். 14 மாதம் கழித்து எந்தப் பையன் பள்ளிக்குத் திரும்புவான்?

அவனைத் திரும்பக் கொண்டுவந்தது எங்கள் பேச்சு மட்டும் இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் மேஸ்திரியிடம் பேசினார். குழுத் தலைவி தவணையை இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ள வைத்தார். சித்தப்பா ஒருவர் கொஞ்சம் பணம் கொடுத்தார். பையன் ஜனவரியில் வந்தான், அடுத்த ஆண்டு பிளஸ் டூ தேறினான், 2024-ல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். அந்த ஆகஸ்டில்தான் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் வருகிறது என்று அவன் அம்மா போன் செய்து சொன்னார். ஆனால் அதே வகுப்பில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் வீட்டுக்கு நாங்கள் போகவில்லை. ரெக்கார்டு வேலை, செய்முறைத் தேர்வு, தேர்தல் பணிப் பயிற்சி என்று நாள் ஓடிவிட்டது. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

சட்டத்தைப் பாருங்கள். 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவு, ஒவ்வொரு குழந்தையும் பள்ளியில் சேர்கிறதா, வருகிறதா, தொடக்கக் கல்வியை முடிக்கிறதா என்று கண்காணிப்பதை உள்ளாட்சியின் கடமையாகவே வைத்திருக்கிறது. எத்தனை ஊராட்சித் தலைவர்களுக்கு இது தங்கள் வேலை என்று தெரியும்? அதைவிடப் பெரிய ஓட்டை வயதில் இருக்கிறது. இந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். பிள்ளை நிற்பதோ 15-லும் 16-லும். 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 14 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்தான தொழில்களை மட்டுமே தடுக்கிறது. பிளஸ் ஒன் பையனைத் தேடிப் போகச் சொல்லி எந்தச் சட்டமும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கல்வி உரிமையை 18 வயது வரை நீட்டினால்தான் என் வகுப்பு அதற்குள் வரும்.

இந்த மண்ணில் வருகையைக் கூட்டியது எது என்பது நமக்குத் தெரியாதா? 1920-ல் நீதிக்கட்சியின் தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது. 1950-களில் காமராசர் அதை மாநிலத்துக்கே கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் காலை உணவு வந்தது. வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டு, பசி என்று பதில் கிடைத்தபோது சோறு போட்டார்கள். அந்தக் கேள்வியை இன்றைக்குக் கடன், மருத்துவச் செலவு, பேருந்து, கல்யாணப் பேச்சு வரைக்கும் நீட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது.

கல்லூரிக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த கல்லூரியில் ஆய்வுக் குழு வரும் தேதி ஒரு மாதம் முன்பே தெரிந்துவிடும். அன்றிலிருந்து பாடம் நடக்காது. ஃபைல் எழுதுவோம். நடக்காத கருத்தரங்குக்கு அறிக்கை, கூடாத குழுவுக்குக் கூட்டக் குறிப்பு, பழைய தேதி போட்ட கையெழுத்து. ஆய்வன்று காலை ஒரு வேனில் சிலர் வந்து இறங்குவார்கள். அதில் ஒருவர், பதிவேட்டின்படி எங்கள் துறையில் 4 ஆண்டுகளாகப் பணிபுரிகிறவர், என்னிடம் வந்து “மேடம், லேப் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். பக்கத்தில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நின்றிருந்தார்கள். குழு வரும்போது அவருக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவர்களும் சொன்னார்கள். அந்த நிமிடத்தில் என்னால் தலை நிமிர்ந்து நிற்க முடியவில்லை. 19, 20 வயதுப் பிள்ளைகளுக்கு அன்று நாங்கள் நடத்திய பாடம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாதது. நானும் வாய் மூடி நின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். என் சான்றிதழ்களின் அசல் நிர்வாகத்திடம் இருந்தது.

20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. அந்தக் கணக்கைச் சரிக்கட்டத்தான் அந்த வேன். குழுவினர் காகிதத்தைப் பார்த்தார்கள், சாப்பிட்டார்கள், 4 மணிக்குக் கிளம்பினார்கள். ஒரு மாணவனைத் தனியாக நிறுத்தி, இவர் உனக்கு என்ன பாடம் எடுக்கிறார் என்று யாராவது கேட்டிருந்தால் 5 நிமிடத்தில் எல்லாம் வெளியில் வந்திருக்கும்.

அதனால் 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அந்தப் பட்டியலை வெளியிட்டபோது எனக்கு வியப்பே இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில், 350-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதைக் கண்டுபிடித்த விதத்தைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். எந்த ஆய்வுக் குழுவும் கண்டுபிடிக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் பொதுப் பார்வைக்கு இருந்த ஆசிரியர் விவரங்களை வெளியாட்கள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2025 பிப்ரவரியில், ஆந்திரத்தில் ஒரு கல்வி நிறுவனத்துக்கு ஏ பிளஸ் பிளஸ் தரம் கொடுக்க லஞ்சம் வாங்கியதாக, கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் கொடுக்கும் நாக் அமைப்பின் ஆய்வுக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் சி.பி.ஐ. கைது செய்தது. பூட்டிய அறைக்குள் நடக்கும் ஆய்வு விலைபோகக்கூடியது, திறந்து வைத்த பட்டியலை ஊரே சரிபார்க்கும். இது இரண்டும் ஓர் ஆண்டுக்குள் நம் கண் முன்னால் நடந்தன.

யு.ஜி.சி., ஏ.ஐ.சி.டி.இ., நாக், என்.பி.ஏ., இணைப்புப் பல்கலைக்கழகம், இயக்ககம் என்று மேற்பார்வைக்கு ஆள் பஞ்சம் இல்லை. 1976-ல் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனதிலிருந்து மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இழுபறி வேறு. துணைவேந்தர் நியமனச் சண்டையில் சென்னைப் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டிலிருந்து நீண்ட காலம் துணைவேந்தரே இல்லாமல் கிடந்தது. யார் மேற்பார்வை செய்வது என்ற போட்டியில் பட்டமளிப்புக்கும் சம்பளத்துக்கும் தவித்தவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

75 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வெழுதலாம் என்ற கல்லூரி விதி பற்றி நான் சொல்வதைப் பலர் ஏற்க மாட்டீர்கள். பள்ளியில் பிள்ளையைத் தேடிப் போக வேண்டும் என்பதில் நான் எவ்வளவு பிடிவாதமோ, கல்லூரியில் 18 வயது தாண்டிய ஒருவரை வருகைக் குறைவுக்காகத் தேர்வெழுத விடாமல் தடுப்பது கூடாது என்பதிலும் அவ்வளவு பிடிவாதம். 2016-ல் தில்லியில் ஒரு சட்ட மாணவர், வருகை போதாது என்று தேர்வெழுத அனுமதிக்கப்படாததால் உயிரை விட்டார். பல பல்கலைக்கழகங்களில் 65-லிருந்து 75 சதவீதத்துக்குள் இருந்தால் அபராதம் கட்டிவிட்டு எழுதலாம். காசு கட்டினால் தீர்ந்துவிடும் குறை எப்படிப் படிப்புக் குறையாகும்? வகுப்பே எடுக்காத ஆசிரியரைக் கேட்க ஆளில்லை, அந்த வகுப்புக்கு வராத மாணவனை மட்டும் பிடிக்கிறோம்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். இந்த விதி காப்பாற்றிய பெண் பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். பெண் பார்க்க வருகிறார்கள், அத்தைக்கு உடம்பு சரியில்லை, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வீட்டில் நிறுத்தப் பார்க்கும்போது, “அட்டெண்டன்ஸ் போயிடும்ப்பா” என்ற ஒரு சொல்தான் அவர்களுக்குக் கிடைத்த ஆயுதம். விதியை எடுக்கும்போது இவர்களுக்கு வேறென்ன கொடுக்கப் போகிறோம் என்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் ஓரளவு கைகொடுக்கிறது. அது போதாது.

அரசிடம் நான் கேட்பது புதிய செயலியோ கேமராவோ முகப் பதிவோ இல்லை. இடைநிற்றலை உள்ளபடி சொல்கிற பள்ளியின் பணியிடத்தில் இரண்டு ஆண்டுகளுக்குக் கை வைக்காதீர்கள். தொடர்ந்து 5 நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு யார், எந்தத் தேதியில் போனார்கள் என்று எமிஸில் ஒரு கட்டம் வையுங்கள், அந்தக் கட்டம் காலியாக இருந்தால் எங்களுக்குப் போன் செய்யுங்கள். கல்லூரிக்குச் சொல்லாமல் போங்கள், மாணவர்களிடம் தனியே பேசுங்கள், அறிக்கையை ஒரு வரி விடாமல் இணையத்தில் போடுங்கள். 2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளை நெருப்புக்குக் கொடுத்தோம். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், மேலே கீற்றுக் கூரை, கீழே சமையல். நேரில் போய்ப் பார்க்கிற கண்ணுக்கு அதெல்லாம் தப்பியிருக்காது.

சென்ற கூட்டத்திலிருந்து எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒன்று தொடங்கியிருக்கிறோம். வராத பிள்ளைகளின் பட்டியலை உறுப்பினர்களுக்கு முன்னால் வாசித்து, யார் யார் வீட்டுக்கு யார் போவது என்று அங்கேயே பிரித்துக்கொள்கிறோம். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெற்றோர்கள், அதிலும் அம்மாக்கள். எந்த வீட்டில் என்ன பிரச்சினை என்று எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. இப்போது பட்டியலில் 7 பெயர்கள். நாளை ஞாயிறு. எனக்கு இரண்டு வீடு, ஒன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம்.