பூக்கண்காட்சிக்காரங்க ஒருக்கா லயத்துப் பக்கமும் வாங்க

ஏப்ரல் சீசன்னா நுவரெலியா பக்கமே தலைவச்சுப் படுக்காத ஆளு நான். இந்தமுறை பிள்ளைகளுக்கு லீவு, அம்மாவும் தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்திருந்தாங்க, சரின்னு எல்லாரையும் வேன்ல ஏத்தி சீதாஎலிய கோயில்ல கும்பிட்டுட்டு அப்படியே ஹக்கலைப் பூந்தோட்டத்துக்குப் போனோம். சனமோ சனம். ரோஜாப் பக்கம் போட்டோ எடுக்கவே கியூ, பெரணி வளர்த்திருக்கிற பக்கம் மட்டும் குளுகுளுன்னு ஆளில்லாம கிடந்துச்சு (எனக்குப் பிடிச்சது அதுதான்).

அம்மா டேலியா பாத்திய விட்டு நகரவே இல்ல. ஒரு பூவைத் தொட்டுத் தண்டைத் திருப்பிப் பாத்துட்டு, "பக்கத்து மொட்டெல்லாம் கிள்ளி விட்டிருக்கான்டா, அதான் இம்புட்டுப் பெருசா வந்திருக்கு"ன்னாங்க. காலம் பூரா கொழுந்து கிள்ளின கை, அதுக்குத் தெரியாதா என்ன.

இந்த ஹக்கலைத் தோட்டம் 1861ல ஆரம்பிச்சதே பூவுக்கு இல்ல, சிங்கோனா வளர்த்துப் பாக்க. அந்த மரப்பட்டையில இருந்துதான் மலேரியாவுக்குக் குயினைன் எடுத்தாங்க. பிறகு இலைநோய் வந்து கோப்பி அழிஞ்சப்ப துரைமார் (வெள்ளைக்காரத் தோட்டக்காரங்க) கொஞ்சக்காலம் சிங்கோனாவ நம்பினாங்க, அதுவும் விலை விழுந்ததும் தேயிலை. எதை நட்டாலும் மலையில வேலைக்கு நின்னது எங்க மலையகத் தமிழாளுங்க, பங்களா வாசல்ல துரைக்குப் பூ வளர்த்துக் கொடுத்ததும் எங்காளுங்கதான்.

அதனாலதான் சொல்றேன், சீசனுக்குப் பூக்கண்காட்சி வைக்கிறவங்க லயத்து (தோட்டத் தொழிலாளிங்க இருக்கிற வரிசை வீடு) வாசலுக்குன்னு தனியா ஒரு போட்டி வைக்கணும். வந்து பாருங்க, பால்மா டின், ஓட்டை வாளி, கிழிஞ்ச உரப்பை எல்லாத்துலயும் செவந்தி, ஜெரேனியம், டேலியான்னு நிக்கும், பாய் விரிக்கக்கூட இடமில்லாத வாசல்ல, மலையில இருந்து வந்து சமைச்சு முடிச்சு பீலித்தண்ணி (மலை ஊத்துல இருந்து குழாய்ல விழுற தண்ணி) தூக்கி ஊத்தி வளர்த்தது அதெல்லாம்.

உடனே யாராவது வருவீங்க, காணி வீடு இல்லாத சனத்துக்குப் பூப்போட்டி ஒரு கேடான்னு. காணி கேக்கிறத யாரு விடச் சொன்னா? வீடு கட்ட ஒரு துண்டுக் காணிக்கு இன்னும் எத்தனையோ பேர் காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க, சொந்தமா ஒரு சாண் மண்ணு இல்லாமலே இப்படி வளர்க்கிற கைக்கு மண்ணு கிடைச்சா என்ன செய்யும்னு அந்தப் பெரிய மனுசங்களும் ஒருதரம் லயத்துக்கு ஏறி வந்து பாக்கட்டும்னுதான் சொல்றேன்.

ஜட்ஜுக்கு ஆள் வேணும்னா அம்மாவ அனுப்புறேன். என்ன, எங்க லயத்துக்கே முதல் பரிசு கொடுத்துட்டு வந்துருவாங்க, அதுக்கு நான் பொறுப்பில்ல.