வாடைக்காற்றோடு வருவது

2022 டிசம்பர் 8ஆம் திகதி காலை வன்னியின் இரணைமடுக் குளக்கட்டில் நின்றேன். மறுகரை தெரியவில்லை. பனிமூட்டம் என்று நினைத்தால், ஒன்பது மணியாகியும் கலையவில்லை, தொண்டை கரகரத்தது. வங்கக் கடலில் மாண்டஸ் புயல் நின்ற நேரம் அது. மறுநாள் இலங்கை முழுவதும் பாடசாலைகளை மூடினார்கள். இந்தியப் பக்கமிருந்து காற்று கொண்டுவந்த மாசு என்றார்கள்.

அன்று கண்ணை மறைத்தவை நுண்துகள்கள். தெரிந்ததால் பேசினோம். அதே வழியில் வரக்கூடிய தரையோர ஓசோனுக்கு நிறமில்லை. வானில் எங்களைக் காக்கும் ஓசோன் படலம் அல்ல இது, தரையருகே மூச்சையும் பயிரையும் கெடுக்கும் வாயு. அதனால் பேச்சும் இல்லை.

எந்தப் புகைபோக்கியும் ஓசோனைக் கக்குவதில்லை. வாகனங்களும் அனல்மின் நிலையங்களும் விடும் நைட்ரஜன் ஒக்சைட்டுகள், எரிபொருள் ஆவிகளோடு வெயிலில் கலந்து, போகிற வழியிலேயே அதை உண்டாக்குகின்றன. நகரத்துக்குள் புதிதாக வரும் நைட்ரிக் ஒக்சைட்டே ஓசோனைத் தின்றுவிடும். நகரம் தாண்டிய வயல்வெளியில் அதைத் தின்ன அந்த ஒக்சைட்டு அவ்வளவாக இல்லை. ஆலை இல்லாத ஊர், ஆகவே சுத்தமான காற்று என்று நாங்கள் ஆறுதல்படுவது எவ்வளவு தவறு! உயரத்துக்கு ஏறிவிட்டால் ஓசோன் ஏறத்தாழ மூன்று வாரம் நிலைக்கும். கடல் கடக்க அது தாராளம்.

மழை ஓய்ந்து, வாடை நிற்காமல், வெயிலும் ஏறும் தை மாதத்தை நினைத்தால்தான் எனக்குப் பயம். காலபோக நெல் பால்பிடித்து முற்றும் நேரம் அது. இலை மூச்சுவிடும் துளை வழியாகவே ஓசோன் உள்ளே போய் ஒளிச்சேர்க்கையைக் குறைக்கிறது. உழுந்தும் கச்சானும் தப்புவதில்லை. விளைச்சல் குறைந்தால் மழையைச் சொல்கிறோம், விதையைச் சொல்கிறோம். காற்றை யாராவது சொன்னதுண்டா?

பழியை அயல்நாட்டின் தலையில் மட்டும் போட்டுவிடவும் முடியாது. மெதேன் என்னும் வாயுவும் ஓசோன் உண்டாக உதவுகிறது. அது பத்தாண்டு அளவுக்குக் காற்றில் தங்கி உலகம் முழுவதும் பரவுகிறது. நீர் கட்டி நிற்கும் எங்கள் வயலும், பட்டி மாடுகளும், ஊர்க் குப்பைமேடும் மெதேன் விடுகின்றன. வைக்கோல் புகையும் ஓசோன் உண்டாக உதவுகிறது; அறுவடை முடிந்து அதைக் கொளுத்துவதையாவது நாங்களே இப்போதே நிறுத்தலாம்.

ஐரோப்பிய நாடுகள் 1999இல் சுவீடனின் கோத்தன்பர்க்கில் ஒன்றுகூடி, ஓசோனைக் குறைக்க நாட்டுக்கு நாடு உமிழ்வு உச்சவரம்பு வகுத்தன. தெற்காசியாவில் எங்களிடம் இருப்பது, எல்லை தாண்டும் காற்று மாசைப் பற்றிய 1998 மாலே பிரகடனம். அதில் எவரையும் கட்டுப்படுத்தும் வரம்பு இல்லை. இது எனக்குப் பெரிய ஆதங்கம்.

ஓசோனின் எட்டு மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வன்னியில் அது எவ்வளவு? காற்றை அளக்கும் அதிகாரிகளே, தூசியின் அளவோடு ஓசோன் அளவையும் நாள்தோறும் எங்களுக்கு அறிவியுங்கள். வருகிற தைக்கு முன்பே.