கப்படோக்கியாவின் கூம்புகள் எரிமலைகள் அல்ல

"துருக்கியின் கப்படோக்கியாவில் ஒவ்வொரு கூம்புப் பாறையும் ஒரு குட்டி எரிமலை. ஆட்களை ஏற்றும் வெப்பக்காற்று பலூன் வருஷம் முழுக்கத் தினமும் பறக்கும், ஒரு ராத்திரி தங்கினால் போதும்" என்று உங்கள் பயணப் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

எரிமலைகள் தள்ளி நிற்கின்றன. கைசேரி நகரத்துப் பக்கம் எர்ஜியெஸ் (3,917 மீட்டர்), தென்மேற்கே ஹசன் மலை. பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்து எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்து, இறுகி, மென்பாறையானது. மழையும் காற்றும் அதை அரித்தபோது, தலையில் கெட்டிப் பாறைத் தொப்பி இருந்த இடம் மட்டும் தப்பியது. அதுதான் நீங்கள் பார்த்த கூம்பு. உள்ளே நெருப்புக்குழம்பு வந்த குழாய் எதுவும் இல்லை. பாறை மென்மையாக இருந்ததால்தான் வீடும் தேவாலயமும் குடைய முடிந்தது. தெரின்குயு என்ற ஊரில் நிலத்தடியில் சுமார் 85 மீட்டர் ஆழத்துக்கு ஒரு நகரத்தையே குடைந்திருக்கிறார்கள்!

பலூன் விஷயத்தில்தான் பணம் வீணாகும். பறக்கலாமா வேண்டாமா என்பதைக் காற்றைப் பார்த்து விமானப் போக்குவரத்து அதிகாரிகள் முடிவு செய்கிறார்கள். ஓட்டுநரால் ஏற்ற இறக்கத்தைத்தான் கட்டுப்படுத்த முடியும், திசை காற்றின் கையில். குளிர்காலத்தில் தொடர்ந்து சில நாட்கள்கூட ரத்தாகும். அதனால் மூன்று இரவாவது தங்குங்கள், பலூனை முதல் காலைக்கே பதிவு செய்யுங்கள். ரத்தானால் அடுத்த நாளுக்கு மாற்றலாம்.

அப்புறம், பறக்காத நாளில் அறையில் உட்கார வேண்டியதில்லை. உச்ஹிசார் ஊரிலிருந்து கோரெமே ஊர் வரை புறாப் பள்ளத்தாக்கு வழியே சுமார் 4 கிலோமீட்டர் நடை. புறா எச்சத்தை எருவாக எடுக்கவே அங்கே பாறையில் புறாக்கூடு குடைந்திருக்கிறார்கள். சரிவில் பொடி வழுக்கும், செருப்பு வேண்டாம்.