கண்ணாடியில் கொஞ்சம் வாஸ்லைன்

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ் விடுகிற நோட்டீஸை இந்த வருசம் நான்தான் வடிவமைத்தேன். மஞ்சளில் செம்மஞ்சள் எழுத்து, மெல்லிய எழுத்துரு. கணினியில் என்ன வடிவு! பின்னேரம் 3 மணிக்கு பஸ் வெளிக்கிட்டுவிட்டது. இருட்டின பிறகு பெரியம்மா பையும் கையுமாகச் சந்தியில் நின்றா. "எட்டெண்டுதானேடா போட்டிருந்தது?"

அவவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது.

வெல்டிங் கடையில் கிரைண்டர் பிடிக்கும்போது போடுகிற கண்ணாடி ஒன்றை வாங்கி, வாஸ்லைன் பூசி, ஏ9 வீதியோரம் உச்சி வெயிலில் அதே நோட்டீஸைப் பார்த்தேன். முதலில் எழுத்துகளின் மேலிருக்கிற குற்றுகள் போயின. பிறகு 'ண'வும் 'ன'வும் ஒன்றாயின. அரவு என்கிற 'ா'வையும் 'ர'வையும் பிரிக்க முடியவில்லை. 3 இன் வாய் மூடி 8 ஆனது. நிழலுக்குள் வந்தால் கொஞ்சம் பரவாயில்லை. கண்புரையின் குணமே அதுதான்: மங்கிய வில்லையில் வெளிச்சம் சிதறும், வெயில் ஏற ஏறப் பார்வை வெளிறும். ஏசி அறைக்குள் இருந்து வன்னி வெயிலுக்கு நோட்டீஸ் அடித்தவன் நான்.

அச்சுக்குக் கொடுக்க முதல் வடிவமைக்கிறவர் தன் பார்வையைக் கெடுத்துப் பார்க்கவேண்டும் என்பது இப்போது என் கட்சி. கையால் போர்ட் எழுதினவர்கள் வீதிக்கு அந்தப்பக்கம் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்களே, அதுவும் இதுதான். பார்வை குறைந்தவர்களும் பாவிக்கக்கூடியதாக இணையத்தளம் செய்வதற்கான அணுகல் வழிகாட்டி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 ஒளிர்வு வேறுபாடு கேட்கிறது. என் நோட்டீஸ் கிட்டவும் வராது.

அதே கண்ணாடியோடு இரணைமடுக் குளக்கட்டில் இருந்து படமும் கீறினேன். இலை, கிளை எல்லாம் கரைந்து மரங்கள் கறுப்புத் திட்டுகளாக நின்றன. தெளிவான கண்ணென்றால் இலைகளை எண்ணிக்கொண்டிருந்திருப்பேன். நான் கீறினதில் நல்ல படம் அதுதான்.

ஆனால் இதை 'பார்வையற்றோர் அனுபவம்' என்று யாரும் சொல்லாதீர்கள். 1890களில் ஜோர்ஜ் ஸ்ராட்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், உலகைத் தலைகீழாகக் காட்டும் வில்லையை எட்டு நாள் அணிந்திருந்தார். தொடக்கத்தில் கை பிழையான பக்கம் போனது. நாள் போகப் போகப் பழகியது. அரை மணித்தியாலம் போட்ட எனக்குத் தெரிந்தது முதல்நாள் தடுமாற்றம் மட்டும். போரில் கண் போய், இன்று கடை நடத்துகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். உங்கள் வாழ்க்கை எனக்கு விளங்கிவிட்டது என்று போய்ச் சொன்னால் செருப்புத்தான் வரும்.

அடுத்த வருசத்துக்கு இப்போதே ஒரு மாதிரி செய்துவிட்டேன். வெள்ளையில் தடித்த கறுப்பு, 'பின்னேரம் மூன்று மணி' என்று எழுத்திலும். பஸ்காரர் பார்த்துவிட்டு, "செத்தவீட்டு நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு தம்பி" என்றார். கண்ணாடியை நீட்டினேன். போட்டு, கிட்டவும் தூரவும் பிடித்துப் பார்த்தார்.

"சரி, கரையிலயாவது ஒரு சிவப்புக் கோடு இழு."