ஆறு பேருக்கு மொத்தம் எவ்வளவு? அதை மொதல்ல சொல்லுங்க

க்ரூஸ், அதாவது உல்லாசக் கப்பல் டூர் விக்கிற பக்கத்துல "ஒரு ஆளுக்கு 229 டாலர் மட்டுமே, இன்னும் ஆறு மணி நேரம் தான்"னு சிவப்புக் கலர்ல ஒரு டைமர் ஓடும். மறுநாள் காலைல அதே பக்கத்தைத் திறந்து பாருங்க, அதே 229, அதே ஆறு மணி நேரம், மறுபடி மொதல்ல இருந்து ஓடிட்டிருக்கும். இதுக்குப் பேரு லாஸ்ட் மினிட் ஆஃபராம். எந்த மினிட்டுங்க லாஸ்ட்டு? ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து புருஷனும் பொண்டாட்டியுமா "இப்ப போடலைன்னா போயிடும்டி, போயிடும்டா"ன்னு ஒருத்தர ஒருத்தர் அவசரப்படுத்திக்கிட்டு, கார்டு நம்பர் வரைக்கும் போயி, கடைசிப் பக்கத்துல வேற ஒரு தொகை வந்து நிக்கும் பாருங்க, அங்க வருது எனக்குக் கோபம்.

நாங்க டாலஸ்ல இருக்கோம். கால்வெஸ்டன் துறைமுகம் காருல ஒரு அஞ்சு மணி நேரம். அங்க இருந்து நாலு ராத்திரி, அஞ்சு ராத்திரி, ஏழு ராத்திரின்னு மெக்சிகோவுல கோசுமெல், கோஸ்டா மாயா, ஹோண்டுராஸ்ல ரொவாடான் பக்கம் வருஷம் முழுக்க கப்பல் போகுது. அப்பா அம்மா ஊர்ல இருந்து வந்திருக்காங்க, ஆறு மாசம் இருப்பாங்க, ரிட்டயர்ட் ஆளுங்க, மெக்சிகோவுக்கு அவங்க கைல இருக்குற அமெரிக்க விசாவே போதும். ஃப்ளைட் டிக்கெட் போட வேணாம், பெட்டியத் தூக்கி வண்டில வச்சாப் போதும். கடைசி நேரத் தள்ளுபடி யாருக்காவது உதவும்னா எங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் உதவணும். எங்களுக்கே உதவலன்னா மினசோட்டால உக்காந்திருக்குறவங்க நெலமைய யோசிச்சுப் பாருங்க, கப்பல்ல நூறு டாலர் மிச்சம் பிடிச்சு ஃப்ளைட்ல நானூறு டாலர் விடணும்.

அந்த 229 என்னன்னு மொதல்ல சொல்றேன். ஜன்னலே இல்லாத உள் ரூம். அதுல ரெண்டு பேர் தங்குனா ஒரு ஆளுக்கு 229. ஸ்கூல் நடக்குற வாரத்துல, திங்கட்கிழமை கிளம்புற கப்பல்ல. ரெண்டு பேர் கட்டணம் 458 ஆச்சா? இப்ப கப்பல்ல வேலை பாக்குறவங்களுக்கான டிப்ஸுக்கு வாங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16ல இருந்து 20 டாலர் வரைக்கும் கம்பெனிக்குத் தகுந்த மாதிரி தானா பில்லுல ஏறிடும், பெரும்பாலும் பிள்ளைங்களுக்கும் அதே ரேட்டுத்தான். 17னே வச்சுக்குவோம். அஞ்சு ராத்திரிக்கு 85, எங்க வீட்ல ஆறு பேருக்கு 510. அந்த ரூமுக்கு ரெண்டு பேர் குடுக்குற முழுக் கட்டணத்த விட டிப்ஸ் அதிகம்! இதுக்கு மேல துறைமுகத்துல பார்க்கிங், வைஃபை வேணும்னா ஒரு டிவைஸுக்கு ஒரு நாளைக்கு இருபது டாலரத் தாண்டும், அப்புறம் கோக் வாங்குனா தனிக் காசு.

டிப்ஸ் குடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல, தயவு செஞ்சு யாரும் அப்படி எடுத்துக்காதீங்க. சில பேரு கப்பல் ஏறுன உடனே கவுண்டர்ல போயி அத பில்லுல இருந்து எடுக்கச் சொல்லி அதையும் "சேவிங்ஸ் டிப்ஸ்"னு வீடியோவாப் போடுறாங்க, அது கேவலமான வேலை. ரூம் கிளீன் பண்றவரும் சாப்பாடு பரிமாறுறவரும் மாசக்கணக்கா வீட்ட விட்டு வந்து வேலை பாக்குறாங்க, அதுல நம்ம ஊரு ஆளுங்களும் இருக்காங்க. அவங்க கூலிய கட்டணத்துலயே சேத்துக் காட்டுங்கடான்னு தான் சொல்றேன். எப்படியும் வாங்கத்தானே போறீங்க, அப்புறம் எதுக்கு ஒளிச்சு வைக்கிறீங்க?

இது முடியாத காரியம் இல்லங்க. 2024 ஜூலை 1ல கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு, கட்டாயமா வாங்குற கட்டணத்தையெல்லாம் விளம்பர விலைலயே சேத்துக் காட்டணும்னு. அதுவரைக்கும் போர்ட் சார்ஜ், டாக்ஸ் எல்லாம் கடைசிப் பக்கத்துல தான் தலைய நீட்டும், நூறு நூத்தம்பது டாலர் அங்கயே ஏறும். சட்டம் வந்ததும் பெரிய கம்பெனிங்க எல்லாம் அமெரிக்கா முழுக்கவே அதச் சேத்துக் காட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு மாநிலம் கண்ண உருட்டுனதும் முடிஞ்சுதுல்ல? டிப்ஸுக்கும் முடியும், மனசு தான் இல்ல.

அப்புறம் இந்த "ரெண்டாவது ஆளுக்கு 60 சதவீதம் தள்ளுபடி", "குழந்தைகளுக்கு இலவசம்". நம்ம ஊர்ல ஆடித் தள்ளுபடிக்கு மொத நாள் ராத்திரி பழைய விலைய அடிச்சுட்டுப் புது ஸ்டிக்கர் ஒட்டுவாங்களே, அதே தான், ஆனா ஆடி ஒரு மாசத்துல முடிஞ்சிடும், இது வருஷம் பூரா நடக்குது. மொதல் ஆளோட விலைய ஏத்திட்டு ரெண்டாவது ஆளுக்குக் குறைச்சா, ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா பழைய விலை தான் வந்து நிக்குது. குழந்தைங்க இலவசம்னா அதே ரூம்ல மூணாவது நாலாவது ஆளாத் தங்குனாத்தான், அதுவும் அவங்க சொல்ற தேதில மட்டும். கோடை லீவு, தேங்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ், ஸ்பிரிங் பிரேக் எதுவும் அதுல வராது. பள்ளிக்கூடம் போற குழந்தைக்கு பள்ளிக்கூடம் நடக்குற நாள்ல இலவசம்! அந்த இலவசக் குழந்தைக்கும் டாக்ஸ் உண்டு, டிப்ஸ் உண்டு. (தனியாப் போறவங்க பாடு இன்னும் மோசம், ஒத்த ஆளாப் போனாலும் பெரும்பாலும் ரெண்டு பேர் காசு கட்டணும். 2010ல நார்வீஜியன் எபிக் கப்பல்ல தனி ஆளுங்களுக்குன்னே சின்ன ரூம் கட்டினாங்க, அதுக்கப்புறம் வேற சில கப்பல்லயும் வந்துச்சு, ஆனா அதுவும் கொஞ்சம் தான், சீக்கிரம் வித்துப் போயிடுது.)

நாலு பேரு குடும்பத்துக்கு லாஸ்ட் மினிட்ல ரூம் கெடைக்காததுக்கு இன்னொரு காரணம் இருக்கு, அத எந்த ஆஃபர் பக்கமும் சொல்றதில்ல. ரூம்ல நாலு படுக்கை இருக்கும், ரூமும் காலியா இருக்கும், ஆனா நாலு பேருன்னு போட்டா "இல்ல"ன்னு வரும். ரெண்டு பேருன்னு போட்டா அதே ரூம் வரும். ஏன்னா கப்பல்ல ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை பேரு இந்த லைஃப்போட்டுன்னு கணக்கு, அந்தப் பகுதிக்கான எண்ணிக்கை நெறைஞ்சுட்டா மூணாவது நாலாவது படுக்கைய மூடிடுவாங்க. அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல, அப்படித்தான் இருக்கணும். ஆனா அத ஒரு வரி சொல்லலாம்ல? சொல்லாம "மன்னிக்கவும், வேறு தேதி முயற்சிக்கவும்"னு மட்டும் காட்டுனா, நாங்க ஏதோ தப்பா அமுக்கிட்டோம்னு திரும்பத் திரும்ப அதே பக்கத்துல மாரடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்.

போன் பண்ணுங்க, வெளில காட்டாத ஸ்பெஷல் ரேட் இருக்குன்னு ஒரு ஏஜென்சி பக்கத்துல போட்டிருந்தது. பண்ணேன். பேர், ஊர், ஈமெயில், பொறந்த தேதி, முன்னாடி எந்தக் கப்பல்ல போயிருக்கீங்க, எல்லாத்தையும் வாங்கிட்டு, ரெண்டு ரூமுக்கு ஒரு விலை சொன்னாங்க. கொஞ்சம் யோசிச்சுட்டுக் கூப்புடுறேன்னேன். "மேம், இந்த ரேட் நீங்க லைன்ல இருக்குற வரைக்கும் தான்." ஏங்க, அப்பா அம்மாவ ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா, ஆபீஸ்ல லீவு சொல்ல வேண்டாமா? விலை சொன்ன உடனே காசு எடுத்து வைக்கணும்னா அதுக்குப் பேரு தள்ளுபடியா மெரட்டலா? அந்த ரேட்டும் என்ன ரேட்டுன்னா கேரண்டி கேபின். அதாவது ரூம் நம்பர் இப்ப கெடையாது, கப்பல் கிளம்புற நெருக்கத்துல அவங்க எது மிச்சமோ அதத் தருவாங்க. அப்பா அம்மா ரூம் ரெண்டாவது டெக்குல முன்னாடி நங்கூரச் சத்தத்துல, எங்க ரூம் எட்டாவது டெக்குல பின்னாடின்னு வந்தாலும் வாயத் திறக்க முடியாது. முட்டி வலியோட இருக்குற எங்கம்மா அந்த நீள காரிடார்ல நாளைக்கு எத்தனை தடவை நடப்பாங்க? பக்கத்துப் பக்கத்து ரூம் வேணும்னு கேட்டா ரேட் மாறும்ங்குறாங்க. அப்ப மொதல்ல சொன்ன ரேட் யாருக்கு?

நெசமாவே ஒரு காலத்துல இந்த லாஸ்ட் மினிட் தள்ளுபடி இருந்துச்சு, அத மறுக்கல. கப்பல் கரைய விட்டுக் கிளம்பிட்டா காலி ரூமுக்கு ஒரு பைசா வராது, அதே ரூம்ல யாராவது இருந்தா பார்ல குடிப்பாங்க, கசினோல விடுவாங்க, டூர் எடுப்பாங்க. அதனால முழுப்பணம் கட்டுற கெடு, அதாவது பெரும்பாலும் கிளம்பறதுக்கு 75ல இருந்து 90 நாள் முன்னாடி, அது முடிஞ்சதும் கேன்சலான ரூமெல்லாம் திரும்ப வரும், அத வந்த விலைக்கு விப்பாங்க. ஹூஸ்டன்ல இருக்குற வெக்கேஷன்ஸ் டு கோங்குற கப்பல் டூர் ஏஜென்சியோட 90 நாள் டிக்கர்னு ஒரு பட்டியலே இதுக்காகத்தான், அதப் பாத்துப் பாத்து போன ரிட்டயர்ட் ஆளுங்க டெக்ஸாஸ்ல நெறைய. ஆனா 2015லயே ராயல் கரீபியன் கப்பல் கம்பெனி வெளிப்படையா சொல்லிட்டாங்க, கிளம்புற நேரத்துல விலையக் குறைச்சு விக்க மாட்டோம்னு. காரணம், முன்னாடியே காசு கட்டுனவன் ஏமாந்த மாதிரி ஆயிடுதாம். சரி, அது நேர்மையான பேச்சு, எனக்குக் கோபமே இல்ல. அப்புறம் கொரோனா வந்து 2020 மார்ச்சுல எல்லாம் நின்னு, 2021 நடுவுல திரும்பக் கிளம்புனப்ப பாதிக் கப்பல் காலி, அப்ப கொட்டிக் குடுத்தாங்க, அதுவும் உண்மை. இப்ப நெலமை என்ன? பெரிய கம்பெனிங்க பங்குதாரருக்குக் குடுக்குற அறிக்கைலயே ஆக்குபன்சி, அதாவது கப்பல் எவ்வளவு நெறைஞ்சதுங்குற கணக்கு, 105, 108 சதவீதம்னு போடுறாங்க. ஒரு ரூமுக்கு ரெண்டு பேருன்னு கணக்கு வைக்கிறதால மூணாவது நாலாவது ஆளும் ஏறுனா நூறத் தாண்டும். நூறு சதவீதத்துக்கு மேல நெறைஞ்சு போற கப்பல்ல எங்கேர்ந்துங்க வருது லாஸ்ட் மினிட்? இல்லாத சரக்குக்கு எதுக்கு டைமர்?

நம்ம வாட்ஸ்அப் குரூப் ஆளுங்களையும் விட மாட்டேன். 2022ல காலியா இருந்த கப்பல்ல 150 டாலருக்குப் போயிட்டு வந்துட்டு, இன்னைக்கு வரைக்கும் "வெய்ட் பண்ணு, கடைசி வாரத்துல போடு, பாதி விலைக்குக் கெடைக்கும்"னு எல்லாருக்கும் ஓதிக்கிட்டிருக்காங்க. அத நம்பி ஒரு ஃப்ரெண்டு குடும்பம் அலாஸ்காவுக்குக் காத்திருந்தது. சியாட்டில்ல கிளம்புற அலாஸ்கா கப்பல் கண்டிப்பா ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துல நின்னாகணும், 1886லேர்ந்து இருக்குற அமெரிக்கக் கப்பல் சட்டம் அப்படி, அதனால பெரும்பாலும் கனடாவுல விக்டோரியால நிக்கும். கிரீன் கார்டு இல்லாத இந்தியப் பாஸ்போர்ட்காரங்களுக்கு கனடா விசா வேணும். விலை குறைஞ்சப்ப கையில விசா இல்ல, விசாவுக்குப் போட்டு வர்றதுக்குள்ள கப்பலே போயி வந்துடும். இந்த ஊர்ல இருக்குற நம்மாளுங்களுக்கு லாஸ்ட் மினிட்டுங்குறதே பாதி எடத்துக்கு நடக்காத காரியம், பாஸ்போர்ட்ல இருக்குற விசா ஸ்டாம்பிங் காலாவதி ஆன எச்1பி (வேலை விசா) ஆளுன்னா கோசுமெல்லுக்கே நாலு தடவை யோசிக்கணும். இத ஒரு வார்த்தை சொல்லாம லிங்க் மட்டும் ஃபார்வர்ட் பண்றாங்க.

முன்னாடியே புக் பண்றவனுக்கும் நிம்மதி கெடையாது, அது இன்னொரு வயித்தெரிச்சல். முழுப்பணம் கட்டுற தேதிக்கு முன்னாடி விலை குறைஞ்சா பெரும்பாலும் போன் பண்ணிக் கேட்டா சரி பண்ணித் தருவாங்க. கேட்டாத்தான். அவங்களாச் சொல்ல மாட்டாங்க, நாம தினம் போயி எட்டிப் பாத்துக்கிட்டே இருக்கணும். அந்தத் தேதி தாண்டி குறைஞ்சா போச்சு, ரொம்ப மன்றாடினா கப்பல்ல செலவு பண்ண ஏதோ கிரெடிட் குடுப்பாங்க. விலை ஏறுனா ஏத்துறதுக்கு மட்டும் யாரும் போன் பண்ணிக் கேக்க வேண்டியதில்ல.

நெஜமா விலை கம்மியா இருக்குற நேரம் ஊருக்கே தெரியும். செப்டம்பர் அக்டோபர் புயல் சீசன், டிசம்பர் மொத ரெண்டு வாரம், நியூ இயர் முடிஞ்ச ஜனவரி. அது கடைசி நேரத் தள்ளுபடி இல்ல, யாருக்கும் லீவு இல்லாத நேரம், அவ்வளவு தான். அதனால முடிவு பண்ணிட்டோம், அப்பா அம்மா ரெண்டு பேரும் ஜனவரில என் தம்பியோட போறாங்க. ரூம் நம்பர் போட்டு, லிஃப்ட்டுப் பக்கத்துல, டிப்ஸ் முன்கூட்டியே கட்டி, எந்த டைமரும் இல்லாத சாதா விலைல எடுத்தாச்சு. பிள்ளைங்களுக்கு ஸ்கூல், நாங்க வரல. தாத்தா பாட்டியோட பேரப்பிள்ளைங்க ஒரு தடவை கடலப் பாக்கட்டும்னு தான் இவ்வளவு அலைஞ்சதே, அது நடக்கல, அதான் இப்படிக் கொட்டுறேன்.

இனிமே குரூப்ல யாராவது "செம டீல்"னு லிங்க் போட்டா ஒண்ணு பண்ணுங்க. எந்தத் தேதி, எத்தனை பேரு, என்ன ரூம், டிப்ஸோட சேத்து கடைசிப் பக்கத்துல வந்த தொகை எவ்வளவு, அந்த ஸ்கிரீன்ஷாட்டப் போடுங்க. அது இல்லாம போட்டா அட்மின் டெலீட் பண்ணிடுங்க ப்ளீஸ்.