வாய்க்கு வந்ததைப் பேசுவதல்ல

"தனி ஆளாக மேடையேறிப் பேசுவது ஸ்டாண்ட்-அப் காமெடியோடு வந்தது, ஒத்திகையே வேண்டாம், வாய்க்கு வந்ததைப் பேசினால் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1858-லிருந்து 1870 வரை கட்டணம் வாங்கிக்கொண்டு தன் கதைகளை மேடையில் தனியாக வாசித்து நடித்தார். அதற்கென்றே தனிப் பிரதிகள் வைத்திருந்தார். வரிகளை வெட்டி, அடிக்கோடிட்டு, எங்கே கையை அசைக்க வேண்டும், எங்கே திகில் ஏற வேண்டும் என்று ஓரத்தில் தன் கையாலேயே குறித்துவைத்தார். புத்தகம் கையில் இருந்தாலும் பெரும்பாலும் மனப்பாடம்தான்.

தனி ஆளாக உட்கார்ந்து வேடிக்கைக் கதை சொல்லும் ஜப்பானின் ராகுகோ கலை அதைவிடவும் பழையது. கலைஞர் மெத்தையில் மண்டியிட்டு உட்கார்ந்தால் கதை முடியும்வரை எழ மாட்டார். ஒரு விசிறி, ஒரு கைத்துண்டு, அவ்வளவுதான். தலையை ஒரு பக்கம் திருப்பினால் வீட்டுக்காரர், மறுபக்கம் திருப்பினால் வந்த விருந்தாளி. அதே விசிறி நூடுல்ஸ் சாப்பிடும் குச்சியாகிவிடும். உறிஞ்சும் சத்தத்துக்கே தனிப் பயிற்சி உண்டு! குருவிடம் வருடக்கணக்கில் கற்றுக்கொள்ளும் இந்தக் கலையைப் போய் 'வாய்க்கு வந்தது' என்பதா?

சரி, அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. மேடையில் தனியாகத் தன் கதைகளைச் சொல்லிவந்த அமெரிக்க நடிகர் ஸ்பால்டிங் கிரே ஒரு மேசை, ஒரு நோட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்து பேசுவார். முழு வசனத்தை எழுதிவைக்காமல் குறிப்புகளோடுதான் தொடங்குவார். ஆனால் அப்புறம் ஒவ்வொரு நிகழ்ச்சியின் ஒலிப்பதிவையும் கேட்டுக் கேட்டுத் திருத்துவார். பார்வையாளருக்கு அந்த நிமிடத்தில் தோன்றியதுபோலத் தெரிவது அந்த உழைப்பால்தான்.