பிரெட் ஹல்லைக் கொடுத்தது சரிதான், ஃபோர்ஸ்பெர்க்கைக் கொடுத்ததுதான் தப்பு

ஐஸ் ஹாக்கி பார்க்கிறவர்களிடம் மோசமான டிரேட் (அணிகளுக்கு இடையே வீரர் பரிமாற்றம்) எது என்று கேட்டால் இரண்டு பெயர்கள் கட்டாயம் வரும். 1988-ல் கால்கரி ஃபிளேம்ஸ் கைவிட்ட பிரெட் ஹல். 2013-ல் வாஷிங்டன் கேபிடல்ஸ் கைவிட்ட ஃபிலிப் ஃபோர்ஸ்பெர்க். இளம் வீரரைக் கொடுத்து மூத்தவர்களை வாங்கிய முட்டாள்தனம் என்று இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. முதலாவது நல்ல டிரேட். இரண்டாவதுதான் சொதப்பல்.

புதிதாகப் பார்க்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை: கால்பந்து கிளப்புகள் போல, வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் இன்று பணம் கொடுத்து வீரரை வாங்க முடியாது. ஆளுக்கு ஆள், அல்லது ஆளுக்கு டிராஃப்ட் வாய்ப்பு (அணிகள் முறை போட்டுப் புது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட்). அதனால் லீக்கின் ஸ்டான்லி கோப்பைக்கு ஒரு படிதான் பாக்கி என்று நினைக்கிற அணி, நாளைக்குப் பெரிய ஆளாகப் போகிற பையனைக் கொடுத்து இன்றைக்கு உதவுகிறவரை வாங்குகிறது. டிரேட் கெடு நெருங்கும்போது வருஷா வருஷம் நடக்கிற கூத்து.

1988 மார்ச் 7. கால்கரி கொடுத்தது ஹல்லையும் ஸ்டீவ் போசெக்கையும். செயின்ட் லூயிஸிடம் இருந்து வாங்கியது டிஃபென்ஸ்மேன் (தற்காப்பு வீரர்) ராப் ராமேஜையும் கோலி (கோல்கீப்பர்) ரிக் வாம்ஸ்லியையும். ஹல்லுக்கு அப்போது வயது 23. அந்த சீசனில் 52 ஆட்டங்களில் 26 கோல் அடித்திருந்தார். பிறகு செயின்ட் லூயிஸில் அடுத்தடுத்து 72, 86, 70 கோல்கள். ஓய்வு பெறும்போது மொத்தம் 741. இந்த எண்ணைப் பார்த்ததும் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் அன்றைய கால்கரி அணியை எடுத்துப் பாருங்கள். அந்த சீசனில் அவர்கள் அடித்தது 397 கோல்கள். ஹல் விளையாடும் அதே வலது விங்கில் (முன்களத்தின் வலது ஓரம்) ஹாகன் லூப் 50, ஜோ மல்லன் 40. போதாததற்கு லேனி மெக்டொனால்டும் அங்கேதான். முன்களத்தின் நடுவில், அதாவது சென்டரில், முதல் வருஷப் பையன் ஜோ நியூவென்டைக் 51. கோலுக்கா பஞ்சம்? ஓட்டை இருந்தது பின்னால். அதே சீசனில் எதிரணிகளிடம் வாங்கிய கோல்கள் 305. கோலி மைக் வெர்னனை 64 ஆட்டங்களில் இறக்கி ஓட்டினார்கள். நம்பி மாற்றி விட இன்னொரு கோலி இல்லை. 105 புள்ளிகளோடு லீக்கில் முதலிடம் பிடித்த அணியை கோப்பைக்கான பிளே ஆஃப் இரண்டாம் சுற்றுத் தொடரில் எட்மன்டன் நாலு ஆட்டத்துக்குப் பூஜ்யம் என்று துடைத்து அனுப்பியது. டிரேட் அந்த வசந்தத்தில் பலன் தரவில்லை, அது உண்மை.

அடுத்த சீசனில் வாங்கிய கோல்கள் 226. எழுபத்தொன்பது கோல் குறைவு. இது முழுக்க ராமேஜின் புண்ணியம் என்று சொன்னால் பொய். டக் கில்மோர் வந்து சேர்ந்ததும் முக்கியக் காரணம். ஆனால் வாம்ஸ்லி 35 ஆட்டங்களைத் தூக்கிச் சுமந்ததால் வெர்னனின் சுமை 52-க்கு இறங்கியது. பிளே ஆஃப் என்பது அதிகபட்சம் 28 ஆட்டங்கள், ஏறக்குறைய ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதற்குள் கால் சோர்ந்த கோலியோடு போனால் என்ன ஆகும் என்று எட்மன்டனுக்கு எதிராக ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது.

1989 பிளே ஆஃப் முதல் சுற்றில்தான் இந்த டிரேட்டின் அசல் மதிப்பு தெரிந்தது. வான்கூவருக்கு எதிராக கேரி சூட்டரின் தாடை உடைந்தது. எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளேயில், எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டில் நின்று பக்கை (ஆடுகிற ரப்பர் வட்டு) பிரித்துக் கொடுக்கும் ஆள் அவர். ஐந்து ஆட்டங்களோடு அவருடைய பிளே ஆஃப் முடிந்தது. சாதாரணமாக ஒரு அணி அங்கேயே மடங்கிவிடும். ஆறாவது டிஃபென்ஸ்மேனை மேலே தூக்குவார்கள், அவர் பதறி பக்கைத் தொலைப்பார், அதைச் சரிக்கட்ட முதல் ஜோடியை நிமிடக் கணக்கில் கூடுதலாக ஓட்டுவார்கள், மூன்றாம் சுற்றில் அவர்களும் காலி. கால்கரிக்கு அது நடக்கவில்லை. 1979 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ராமேஜ் பெஞ்சில் தயாராக இருந்தார். 20 ஆட்டங்கள், 12 புள்ளிகள் (கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து). மே 25 அன்று மாண்ட்ரியால் ஃபோரத்திலேயே, கனடியன்ஸ் அணியின் சொந்தக் களத்திலேயே கோப்பை. அங்கே அவர்களைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிய முதல் வெளியூர் அணி கால்கரிதான்.

இனி வாஷிங்டன். 2013 ஏப்ரல் 3. லாக்அவுட்டால் (நிர்வாகத்துக்கும் வீரர்களுக்கும் தகராறில் ஆட்டம் நின்றதால்) 48 ஆட்டங்களாகச் சுருங்கிய சீசன். கொடுத்தது 2012 டிராஃப்டில் 11-வதாக எடுத்த ஃபோர்ஸ்பெர்க்கை. நாஷ்வில்லிடம் இருந்து வாங்கியது 31 வயது விங்கர் மார்ட்டின் எராட்டையும், கீழ் வரிசை சென்டரான மைக்கேல் லாட்டாவையும். எனக்கு இதில் ஜீரணிக்கவே முடியாத விஷயம் ஒன்று உண்டு. நாஷ்வில்லை விட்டுப் போகவேண்டும் என்று கேட்டதே எராட்தான். விற்கிறவனுக்கு அவசரம் என்றால் விலை இறங்கவேண்டும். இங்கே வாங்குகிறவர் வீட்டில் இருந்த நல்ல நகையை எடுத்து நீட்டினார்.

சரி, எராட்டை எங்கே ஆடவைத்தார்கள்? அடுத்த சீசன் தொடக்கத்தில் நான்காவது வரிசையில், அதாவது மாறி மாறி இறங்கும் முன்கள மூவர் குழுக்களில் கடைசியில்! முதல் இரண்டு வரிசையில் நல்ல சென்டரோடு ஆடினால்தான் மதிப்புள்ள ஆள் அவர். பக்கை வைத்திருந்து அடுத்தவருக்கு இடம் உண்டாக்குகிறவர். நான்காவது வரிசைக்கு இறங்கினால் ஒரு ஆட்டத்தில் பத்து நிமிடம் பனியில் இருப்பதே பெரிய விஷயம். கூட நிற்பவர்களுக்கு முடிக்கத் தெரியாது. 53 ஆட்டங்களில் ஒரே கோல். நவம்பரிலேயே என்னை வேறு இடத்துக்கு அனுப்புங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார், மார்ச்சில் ஃபீனிக்ஸுக்குப் போனார். அவர் வந்து சேர்ந்த 2013 பிளே ஆஃப் முதல் சுற்றிலேயே, நியூயார்க் ரேஞ்சர்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் 5-0. அதுவும் சொந்த ஊரில்.

பணக்கணக்கு இன்னும் மோசம். ஹல் காலத்தில் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது, அது 2005-ல் வந்தது. இப்போது ஒரு இளம் வீரரைக் கொடுப்பது என்றால் அவருடைய மலிவான மூன்று வருஷங்களையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். ஃபோர்ஸ்பெர்க்கின் முதல் ஒப்பந்த வகையில் அடிப்படைச் சம்பளத்தின் உச்சமே வருஷத்துக்கு 9,25,000 டாலர். 2014-15-ல் அந்த விலையில் நாஷ்வில்லுக்கு 26 கோல், 63 புள்ளிகள் கிடைத்தன. எராட் அடைத்துக்கொண்டது 45 லட்சம் டாலர், அதாவது 2013-14-ன் 6.43 கோடி டாலர் வரம்பில் ஏழு சதவீதம்.

ஆகவே இந்த மாதிரி டிரேட் வரும்போது, போன பையன் பத்து வருஷம் கழித்து என்ன அடித்தான் என்று நான் முதலில் பார்ப்பதில்லை. வருகிறவர் நிற்கப்போகும் இடம் இப்போது காலியா, அந்த இடத்தில் யார் அடிபட்டால் யார் இறங்குவார், கோச் இவரை எத்தனை நிமிடம் ஆடவைக்கப் போகிறார்? இதற்குப் பதில் இல்லாமல் வாங்கினால் அது எராட்.

வாஷிங்டன் 2018-ல் கோப்பை வாங்கிவிட்டதே, நாஷ்வில்லுக்கு இன்னும் இல்லையே என்று கேட்கலாம். அந்தக் கோப்பைக்கும் எராட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஹல் விஷயத்திலும் எதிர்வாதம் உண்டு: 1989-க்குப் பிறகு 2004 வரை கால்கரி ஒரு பிளே ஆஃப் தொடரைக்கூட ஜெயிக்கவில்லை. ஆனால் ஹல் இருந்த காலம் முழுவதும் செயின்ட் லூயிஸும் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. 1999-ல் டல்லஸும் 2002-ல் டெட்ராய்ட்டும்தான் அவருக்குக் கோப்பை தந்தன.

கால்கரியைச் சாய்த்தது ஹல் டிரேட் இல்லை, 1992 ஜனவரியில் கில்மோரை டொராண்டோவுக்கு அனுப்பிய பத்துப் பேர் டிரேட். ராமேஜை 1989-லேயே டொராண்டோவுக்குக் கொடுத்து வாங்கிய இரண்டாம் சுற்று வாய்ப்பில் எடுத்த கென்ட் மேண்டர்வில்லும், வாம்ஸ்லியும் அதே பொட்டலத்தில் போனார்கள். ஹல்லுக்குப் பதிலாக வந்ததில் மிச்சம் இருந்தது அத்தனையும் ஒரே நாளில் போயிற்று. மறுமுனையில் நின்று வாங்கிக்கொண்ட டொராண்டோ ஜெனரல் மேனேஜர் யார் தெரியுமா? 1988-ல் ஹல்லைக் கொடுத்த அதே கிளிஃப் ஃப்ளெட்சர்.